மூன்று நத்தை, ஒரு கை மயில்துத்தம்

செங்கல்பட்டு மாவட்டத்திலேயே மனிதர்களுக்குள் பேதம் பார்க்காத ஒரே ஆள் நான்தான். தற்பெருமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் விசாரித்தேன். கல்லூரியில் விசாரித்தேன். மதுராந்தகத்துச் சொந்தக்காரர்களிடம் விசாரிக்கவே தேவைப்படவில்லை. மாவட்டத்தின் மிச்சப் பகுதிகளை ஓர் உத்தேசமாகச் சேர்த்துக்கொண்டேன்.

இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் வருவதை நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள். மற்றபடி இது நத்தை சமாச்சாரம்.

என் பெயர் பார்த்திபன். விலங்கியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் துறை வராந்தாவில் ஒரு பலகை உண்டு. மாதம் ஒரு கட்டுரை எழுதி அதில் ஒட்டுவேன். கேண்டீன் சாம்பாரில் பருப்பு அழிந்துவரும் உயிரினமாகிவிட்டது என்று நான் எழுதியதைத் துறைத் தலைவரே நின்று படித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு எழுதுவது என் பாணி. வீட்டிலும் அப்படித்தான் பேசுவேன். அதனால் நான் எப்போது உண்மை சொல்கிறேன் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் எங்களுக்கு இருக்கும் நிலத்தை சுப்பிரமணி மாமா பார்த்துக்கொள்கிறார். அம்மாவும் அண்ணன் மோகனும் நானும் செங்கல்பட்டில் சொந்த வீட்டில் இருக்கிறோம். அண்ணனுக்குக் கல்பாக்கத்தில் ஒப்பந்த வேலை. காலை ஆறு மணிக்கு ஸ்டாஃப் பஸ். அந்த அண்ணன் போன ஆவணியில் ரேணுகா அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்டான். அண்ணி மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு குப்பத்துப் பெண். அவர் அப்பா தாண்டவராயனுக்கு ஒரு ஃபைபர் படகு. எங்கள் பக்கத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை, அவர்கள் பக்கத்திலும் யாருக்கும் பிடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு குடும்பத்துக்கும் முழு ஒற்றுமை இருந்தது. பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அண்ணி கொண்டுவந்த சீர் ஒரு மீன் தொட்டி. மூன்றடி நீளம். கல்யாணத்துக்கு முன்பு கடற்கரைச் சாலையில் ஒரு வண்ணமீன் கடையில் வேலை பார்த்தவர்; கண்ணாடி வெட்டி, பசை வைத்து, அவரே ஒட்டிய தொட்டி. உள்ளே பத்துப் பன்னிரண்டு கப்பி மீன். மற்றதெல்லாம் சிவப்பு இறால்கள். சமைக்கிற இறால் இல்லை, நகத்தளவு, செர்ரிப் பழ நிறம். பதினைந்து இறாலில் தொடங்கி இருநூறு வரை அவரே பெருக்கியது. பாசிமேல் உட்கார்ந்து அவை இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தின்பதைப் பார்த்தால் ஏதோ அவசரக் கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும்.

அம்மா அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஹால்லயே இருந்துகினு போவட்டும். ஆனா ஒரு நாளு நாறுச்சுன்னா, அன்னிக்கே வெளிய போயிடணும். இப்பவே சொல்லிட்டேன்."

தொட்டியைத்தான் சொன்னாள். அண்ணி ஒரு கணம், தன்னைச் சொன்னதாக நினைத்து நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது. பிறகு கட்டுரையில் சேர்த்தேன்.

என் அம்மா பரிமளா நல்லவள்தான். சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் செய்தாள். அண்ணி எதைக் குடிக்கக் கொடுத்தாலும், டம்ளர் உதட்டுக்குப் போகும் வழியில் மூக்குக்கு நேராக ஒரு நொடி நிற்கும். காப்பி, மோர், வெறும் தண்ணீர், எதுவானாலும் சரி. கடற்கரையிலிருந்து வந்த கை தொட்ட டம்ளரில் மீன் வாடை வரும் என்று அவள் மூக்குக்கு யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். வாடை இல்லையென்றால் குடிப்பாள். வாடை என்றுமே இருந்ததில்லை. ஆனாலும் அடுத்த டம்ளரும் நிற்கும்.

நான் 'மூக்குப் புராணம்' எழுதினேன். எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சோதனைச் சாவடி இருக்கிறது, அங்கே திரவங்கள் மட்டும் நிறுத்திச் சோதிக்கப்படுகின்றன என்று தொடங்கும். பேர் மாற்றினேன், ஆனால் எல்லோருக்கும் தெரியும். வேதியியல்காரர்கள்கூட மாடி ஏறி வந்து படித்தார்கள். என் நண்பன் கார்த்தி அதை ஃபோட்டோ எடுத்து நாலு குழுவில் போட்டான். "மச்சான், உங்க வூட்டு மூக்கு வேர்ல்டு ஃபேமஸ்டா" என்றான். அடுத்த மூக்கு எப்போது என்று பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி கேட்டாள். வாழ்க்கையில் இதுவரை அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அண்ணி அதைக் கார்த்தியின் கைபேசியில் படித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கார்த்தியும் ரெக்கார்டு நோட்டு எழுத எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது. படிக்கும்போது இரண்டு இடத்தில் சிரித்தார். நான் எண்ணினேன். பிறகு கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா எழுதிக்கீற தம்பி. ஆனா அத்தைய இப்பிடி ஊரு பாக்க நிக்க வச்சிட்டியே."

"உங்களுக்காகத்தான் அண்ணி எழுதினேன்."

"எனக்கு இன்னா? மோந்து பாத்துட்டு குடிக்கிறாங்க இல்ல, கீழ ஊத்தலையே. இத்தினி வருசத்துப் பழக்கம். மெதுவாத்தான் போவும்."

பாதிக்கப்பட்டவர் இப்படிப் பேசக்கூடாது. பேசினால் கட்டுரை கவிழ்ந்துவிடும்.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் நடந்தது. கொளவாய் ஏரியிலிருந்து எடுத்துவந்த நத்தைகளை ஜாம் பாட்டிலில் போட்டு 'லிம்னியா' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். டீ கொண்டுவந்த அண்ணி குனிந்து பார்த்தார்.

"இது அது இல்ல தம்பி. கூரு மேல வச்சி வாயி ஒன் பக்கம் திருப்பு. வாயி எந்தப் பக்கம் கீது?"

திருப்பினேன். இடது பக்கம் இருந்தது.

"இடது வாயின்னா இது வேற. கடையில ப்ளாடர்னு சொல்லுவோம். நீ சொல்றதுக்கு வலது பக்கம் இருக்கும்."

சரியாகத்தான் சொன்னார். கார்த்தி பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "மச்சான், டிகிரிய அண்ணி பேருக்கு மாத்தி எழுதிக் குட்துடு. நீ போய் டீ போடு."

நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. பேதம் பார்க்காதவன் என்பதால் யார் திருத்தினாலும் ஏற்றுக்கொள்வேன். அண்ணி பன்னிரண்டாவதோடு நிறுத்தியவர் என்பதுகூட அப்போது என் நினைவுக்கு வரவில்லை. மறுநாள்தான் வந்தது. அதற்கு மறுநாளும்.

இனி நத்தைக்கு வருகிறேன்.

வீட்டுத் தொட்டியில் வேண்டாமல் வந்து சேருகிறவற்றில் இடது வாய்க்காரனைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கண்ணாடியில் பிசின் சொட்டு மாதிரி முட்டை ஒட்டிவைப்பது இது. ஆட்டுக்கொம்பு போலத் தட்டையாகச் சுருண்டிருப்பது இன்னொன்று. அது செடியைக் கொஞ்சம் கடிக்கும், பெரிய தொந்தரவு இல்லை. மூன்றாவது ஊசிக் கோபுரம் மாதிரி நீளமாக இருக்கும். இதுதான் ஆள். பகலெல்லாம் சரளைக்குள் புதைந்திருக்கும், விளக்கு அணைந்த பிறகு வெளியே வரும். முட்டை இடாது, குட்டி போடும். ஜோடிகூடத் தேவையில்லை. கண்ணில் படும்போது ஏற்கெனவே நூறு இருக்கும்.

நத்தை எதுவும் தானாக வராது. செடியோடு வரும், பையில் வரும் தண்ணீரோடு வரும். அண்ணி அதில் கறார். புதுச்செடி வாங்கினால் படிகாரத் தண்ணீரில் ஊறவைத்து, வாளியில் தனியாக இரண்டு வாரம் வைத்து, டார்ச் அடித்து இலை இலையாகப் பார்த்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவார். அந்தத் தொட்டியில் ஒரு நத்தை இருந்ததில்லை.

ஆகவே நான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. துறைத் தொட்டியிலிருந்து மூன்று கோபுர நத்தைகளை எடுத்து, காலி மாத்திரை டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அண்ணி மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஃபில்டருக்குப் பின்னால் மூலையில் விட்டேன். ஒன்றே போதும். இரண்டு கூடுதலாக விட்டது என் தாராள மனசு.

ஏன் என்று கேட்பீர்கள். ஒரு பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். நத்தை தெரியும் என்றார். எந்த அளவுக்குத் தெரியும் என்று பார்க்க நினைத்தேன். அவ்வளவுதான்.

நத்தை பெருகுவதற்குக் காரணம் தீனி. மீன் தின்றது போக மிச்சம் கீழே விழுந்தால்தான் நத்தைக்குச் சோறு. அண்ணி அளந்து போடுகிறவர். அதனால் தினமும் அவர் மாடிக்குப் போகும் நேரத்தில் நான் ஒரு சிட்டிகை போட்டேன். நொறுக்கித்தான் போட்டேன், சரளைக்குள் இறங்குவதற்கு வசதியாக. உயிர்களுக்கு உணவிடுவதில் என்ன தப்பு இருக்கிறது?

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் ஹால் விளக்கைப் போட்ட அம்மா கத்தினாள்.

"ஏய், இன்னா இது? கண்ணாடி ஃபுல்லா ஊர்ந்துகினு கீது!"

அண்ணி ஓடிவந்தார். கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னக் கோபுரங்கள். நான் பல் தேய்த்துக்கொண்டே அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் புடவை கிழிந்துவிட்ட ஒருவரின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. "நான் எல்லாம் பாத்துத்தான் அத்தை வுட்டேன்" என்றார். இரண்டு முறை சொன்னார். "இது நாறுமா?" என்று மட்டும் அம்மா கேட்டாள்.

அன்றிலிருந்து அண்ணி போராடினார். சாயங்காலம் ஒரு வெள்ளரித் துண்டைச் சரளைமேல் போட்டு, காலையில் அதில் மொய்த்திருக்கும் நத்தைகளோடு அலுங்காமல் தூக்குவார். முட்டைக்கோஸ் இலையை வேகவைத்துப் போட்டார். நத்தை தின்னும் மீன்கள் உண்டு, ஆனால் அவை இறால் குஞ்சுகளையும் விடாது. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை ஏகத்துக்கு இருக்கிறது, ஒன்றைப் பிடித்து வரட்டுமா என்று கேட்டேன். அந்தக் கவலையிலும் சிரித்தார்.

"தம்பி, வெளையாடாத. ஒங்க காலேஜ்ல இன்னா சொல்றாங்க இதுக்கு?"

"தீனியைக் குறைக்கணும் அண்ணி."

நல்ல ஆலோசனை. எந்தப் புத்தகத்திலும் அதுதான் இருக்கும். அவர் பாதியாகக் குறைத்தார். நான் இரண்டு சிட்டிகையாக ஏற்றினேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அண்ணி கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவதை அம்மா ஒரு வாரம் தூரத்திலிருந்து பார்த்தாள். எட்டாம் நாள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒண்ணொண்ணா கிள்ளிகினு இருந்தா எப்ப முடியும்? தள்ளு."

நெல் வீட்டில் பிறந்தவள். நாற்பது வருஷமாக அரிசியில் கல் பொறுக்கிய விரல். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கை வரை அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டாள். டம்ளரை மோந்து பார்க்கும் என் அம்மா, மீன் இருக்கும் தண்ணீருக்குள். சரளையை இரண்டு விரலால் விலக்கி, கண் மூடித் திறப்பதற்குள் ஆறு நத்தையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

"அத்தை, இறாலு பயந்துக்குது, மெதுவா."

"அது இன்னாத்துக்குப் பயப்படுது? நான் இன்னா கொழம்பா வக்கப் போறேன்?"

"வப்பீங்களா?"

"எங்க வூட்ல இறா தொட்டதே இல்ல." கொஞ்ச நேரம் பொறுக்கிவிட்டு, "எப்பிடி வப்பாங்க?" என்றாள்.

அதன்பிறகு தினமும் பதினொரு மணிக்கு இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். யார் அதிகம் பொறுக்கினார்கள் என்று போட்டி. அதுவரை 'அது', 'அந்தப் பொண்ணு' என்று அழைக்கப்பட்டவர் ரேணுகாவானார். மாசி பிறப்பதற்குள் 'ரேணு'. ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்தேன். அண்ணி காப்பியை நீட்டினார். அம்மாவின் ஒரு கை தொட்டிக்குள் இருந்தது. ஈரமில்லாத மறு கையால் டம்ளரை வாங்கினாள், நேராக வாய்க்குக் கொண்டுபோனாள், குடித்தாள். டம்ளர் வழியில் எங்கேயும் நிற்கவில்லை. தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரியாது. அண்ணிக்குத் தெரிந்தது. திரும்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் ஜன்னல் திரையைச் சரிசெய்தார்.

எனக்கும் தெரிந்தது. அன்று ராத்திரி எழுத உட்கார்ந்தேன், விஷயம் இல்லை. ஒரு தாயார் திருந்திவிட்டார் என்று எழுதினால் வேதியியல்காரர்கள் மாடி ஏறி வருவார்களா? நான் கொண்டுவந்த நத்தை, நான் போட்ட தீனி. நன்மை மட்டும் அவர்கள் இரண்டு பேருக்கு. அந்த வீட்டில் பேதம் பார்க்காதவன் என்று ஒருத்தன் இருந்தான், அவன் இப்போது யாருக்கும் தேவைப்படவில்லை.

மாசி மகம் வந்தது. அண்ணியின் அப்பா ஆறு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக ஆள் அனுப்பி, மகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அண்ணனும் அண்ணியும் இரண்டு நாள் போவதாக ஏற்பாடு. அம்மா ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொடுத்தாள். "தாண்டவராயன் சம்பந்திகிட்ட நான் கேட்டதா சொல்லு" என்றாள். சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டு அண்ணன் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

அவர்கள் கிளம்பிய காலை அம்மா என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு பாலிதீன் பை. உள்ளே நீல நிறத்தில் கற்கண்டு மாதிரி.

"பார்த்தி, மாமா வயல்ல பாசிக்கும் நத்தைக்கும் மயில்துத்தத்தத் துணியில முடிஞ்சி மடையில கட்டி வுடுவாரு இல்ல? சொல்லி அனுப்பி வாங்கியாந்தேன். ரேணு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் ஒழிச்சி வச்சிடலாம்னு பாக்கிறேன். பாவம், கண்ணெல்லாம் வீங்கிப் போவுது அதுக்கு. இது போட்டா நத்த சாவுமா?"

"சாகும்."

"இறாவுக்கு ஒண்ணும் ஆவாதே?"

நான் யோசிப்பது போல இருந்தேன். "மாமா வயல்ல தவளைங்க எல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"அதுங்க பாட்டுக்குக் கத்திகினுதான் கீதுங்க."

"அப்புறம் என்ன?"

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கேள்விதான் கேட்டேன். வயல் என்பது ஏக்கர் கணக்கில் ஓடும் தண்ணீர், இது மூன்றடிக் கண்ணாடி. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு; நத்தையைக் கொல்லும் செம்பு இறாலை அதற்கு முன்பே கொல்லும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இரண்டாம் ஆண்டுத் தேர்வில் இதே கேள்விக்குப் பதில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஆனால் அம்மா அளவு கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா அப்பாவின் பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தாள். ஒரு கை துத்தத்தை வைத்து முடிந்தாள். ஃபில்டரிலிருந்து தண்ணீர் விழும் இடத்தில், மடையில் கட்டுவது போலவே, நூல் கட்டித் தொங்கவிட்டாள். முடிச்சிலிருந்து நீலம் கசிந்து மெதுவாகப் பரவியது.

"கடலு மாதிரி கீது இல்ல?" என்றாள்.

நான் கல்லூரிக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது இறால்கள் பாசிமேல் இல்லை. சரளைமேல் கிடந்தன. செர்ரி நிறம் போய், வெந்த நிறம். "தூங்குதுங்களா பார்த்தி?" என்று அம்மா கேட்டாள். எனக்கு மறுநாள் தேர்வு இருந்தது. மறுநாள் மத்தியானம் நூற்றுக்கணக்கான நத்தைகள் ஓட்டுக்குள்ளேயே அழுக ஆரம்பித்தன. கப்பிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்தன. நத்தைகளை மொத்தமாகக் கொன்றால் வரும் நாற்றத்தைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும். தெருமுனை வரை வந்தது. நான் வந்து பார்க்கும்போது அம்மா தனியாக வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு கொல்லையில் கொட்டிக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் நீலம். மண்டியிட்டு ஒவ்வொரு இறாலாகத் தொட்டுப் பார்த்தாள், ஏதாவது ஒன்று அசையாதா என்று.

அந்த நேரத்தில்தான் கேட் திறந்தது.

அண்ணி கையில் ஒரு தண்ணீர் பாட்டில். மகத்தன்று கடலில் சாமி முழுக்குப் போட்டபோது அம்மாவுக்காக மொண்ட கடல்தண்ணீர். வாசலிலேயே நாற்றம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே வந்து தொட்டியைப் பார்த்தார். தொங்கும் முடிச்சைப் பார்த்தார். கடையில் வேலை பார்த்தவர், ஒரு பார்வை போதும்.

"துத்தமா?"

"நல்லதுக்குத்தான் ரேணு போட்டேன்" என்றாள் அம்மா. "வயல்ல போடுவாங்க. தவக்களைக்குக்கூட ஒண்ணும் ஆவாது."

"ஒங்களுக்கு யாரு அத்தை சொன்னாங்க?"

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தாளோ தெரியாது. அந்த நேரத்துக்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். நான் எப்போது உண்மை சொல்கிறேன் என்று தெரியாத வீடு என்று சொன்னேன் இல்லையா, அன்று ஒருத்திக்குத் தெரிந்தது.

"யாரும் சொல்லல" என்றாள். "நானாத்தான் போட்டேன்."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி இதுதானே படிக்குது. அதுக்கும் தெரியாதா?"

"இறால் எங்க சிலபஸ்ல இல்ல அண்ணி" என்றேன். முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு.

அண்ணன்தான் பேசினான். "நாத்தம் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்மா. போவச் சொன்னா போயிருப்போம். அது ஊருக்குப் போன நேரம் பாத்து இப்படிப் பண்ணணுமா?" அதற்குச் சொல்ல அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதைச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். 'நாறினால் அன்றைக்கே வெளியே' என்று ஆவணியில் அவள் சொன்னதை அந்த ஹாலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் வாயால் சொல்லவில்லை.

அந்த வாரமே சதுரங்கப்பட்டினத்தில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார்கள். அண்ணி தொட்டியை எடுத்துக்கொண்டு போகவில்லை. செம்பு சரளையிலும் பசையிலும் ஏறிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் அதில் மறுபடி இறால் வளராது. கடல்தண்ணீர் பாட்டில் மட்டும் தொட்டியின் மேல் அப்படியே இருக்கிறது. அம்மா அதைத் திறக்கவில்லை, நகர்த்தவும் இல்லை. பதினொரு மணிக்கு வந்து காலித் தொட்டிக்கு முன்னால் உட்காருவாள். என்னோடு பேசுவதில்லை. பங்குனியில் ஒருநாள் மட்டும் தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "போய் சொல்லிட்டு வந்துடு."

எதை என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை போனேன். திருக்கழுக்குன்றம் வழியாக ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். அண்ணி, நத்தையை விட்டது நான். தீனி போட்டது நான். துத்தம் இறாலைக் கொல்லும் என்று தெரிந்தும் அம்மாவைத் தடுக்காமல் இருந்தது நான். மூன்று வாக்கியம்தான். அடைமொழி ஒன்றுகூட இல்லை. உங்களிடம் இவ்வளவு நீளமாகச் சொல்வதை அவரிடம் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட முடியும் என்பதில் எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரே அறை. தண்ணீர் பேசினில் பாசி போட்டுப் பதினொரு இறால். பழைய கடைக்காரர் கொடுத்ததாம். அண்ணி மறுபடி தொடங்கியிருந்தார்.

"வா தம்பி. வெயில்ல வந்துகீற, ஒக்காரு." கோபம் இல்லை. ஸ்டீல் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எதிரே தரையில் உட்கார்ந்தார். "அத்தை சாப்புடுறாங்களா?"

"ஏதோ."

"எனக்கு மனசே ஆறல தம்பி. அவங்க வேணும்னு பண்ணியிருந்தா என்னால அந்த வூட்டுக்குள்ள வர முடியாது. வேணும்னு பண்ணலன்னா நாளைக்கே வந்துடுவேன். ஒன்னக் கேக்காம அவங்க போட்டிருக்க மாட்டாங்கன்னு தோணுது. ஒன்ன ஒண்ணு கேக்கிறேன், மறைக்காம சொல்லு. துத்தம் போட்டா இறா செத்துடும்னு ஒனக்கு நெசமாவே தெரியாதா?"

வாக்கியங்கள் தயாராக இருந்தன. முதல் வாக்கியம் நாக்கில் இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று டம்ளரைத் தூக்கினேன்.

உதட்டுக்குப் போகும் வழியில் அது ஒரு நொடி நின்றது.

அண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், பேசினில் இருந்த பாசியை விரலால் கொஞ்சம் விலக்கிவிட்டார். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அண்ணன் வர ஏழு மணியாகும் என்றார். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றும் சொன்னார்.

தண்ணீரில் எந்த வாடையும் இல்லை. அதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.